கடலோரம் ஒரு மனை பார்க்கப் போனோம்

"ஆடி மாதத்தில் பத்திரம் பதியக் கூடாது, சரி. மனையைப் பார்க்கக்கூடவா கூடாது?" என்று கேட்டார் என் கணவர்.

நியாயமான கேள்விதான்! முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். அவர் எதைக் கேட்டாலும் அதில் ஒரு நியாயம் இருந்து தொலைக்கும். ஊரில் இருந்த பூர்வீக நிலத்தை விற்ற பணம் பாங்க்கில் இருந்தது. கடற்கரை ஓரமாக ஒரு சின்ன வீடு, வாசலில் இரண்டு தென்னை, சாயந்திரம் ஈஸிசேரில் சாய்ந்துகொண்டு அலையைப் பார்ப்பது... இது அவருடைய நாற்பது வருஷக் கனவு. புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி மனை ஒன்று விலைக்கு வருவதாக ஒரு தரகர் சொல்லியிருந்தார். "கதவைத் திறந்தா கடல், சார்!" என்றாராம்.

எனக்கு வேறு கவலைகள். கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்காதா? ஜன்னல் கம்பி துருப்பிடிக்காதா? அவருடைய மூட்டுவலிக்கு உப்புக் காற்று ஒத்துக்கொள்ளுமா? கதவைத் திறந்தால் கடல் இருக்கும் என்பதைப் பற்றி மட்டும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஒருநாள் கதவு இருந்த இடத்திலேயே கடல் இருக்கலாம் என்பது அப்போது எனக்கு எங்கே தெரியும்?

சென்ற ஆடியில் ஒரு நாள், பிளாஸ்க்கில் காபியும் தூக்கில் புளிசாதமுமாக வேலூரில் பஸ் ஏறினோம். புதுச்சேரியில் என் தங்கை வீடு இருக்கிறது. இரவு அங்கே தங்கி, விடியற்காலையில் கடற்கரைச் சாலைக்கு நடந்தோம்.

1978ல், கல்யாணமான புதிதில், நாங்கள் இரண்டு பேரும் முதன்முதலாகப் பார்த்த கடற்கரை இதுதான். கால் புதையப் புதைய மணல் இருந்தது. என் புதுச் செருப்பில் ஒன்றை மணலுக்குள் தொலைத்துவிட்டு, இவர் முட்டிபோட்டுத் தேடியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. இப்போது காந்தி சிலையைத் தாண்டி எட்டிப் பார்த்தால் கரிய கருங்கற்கள்! யானைக்குட்டிகளைப் படுக்க வைத்த மாதிரி வரிசையாகக் கிடக்கின்றன. அலை வந்து கல்லில் மோதித் திரும்புகிறது. வடக்கே, தலைமைச் செயலகத்துக்கு எதிரே மட்டும் பிறை போலக் கொஞ்சம் மணல். அங்கே குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"நம்ம மணல் எங்கேடி காணாமப் போச்சு?" என்று தங்கை மகளைக் கேட்டேன். அவள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக் கொடுக்கிறாள்.

"காணாமப் போகலை, பெரியம்மா. வழியில மாட்டிக்கிட்டு நிக்குது. வாங்க, காட்டறேன். மனையை மத்தியானம் பார்க்கலாம்" என்றாள்.

ஆட்டோ பிடித்துத் தெற்கே போனோம். அரியாங்குப்பம் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி வீராம்பட்டினம். ஆடித் தேருக்குப் பேர்போன செங்கழுநீர் அம்மன் கோவில் இருக்கும் ஊர். கோவிலில் கும்பிட்டுவிட்டுக் கடற்கரைக்கு வந்து, துறைமுகம் இருக்கும் வடக்குப் பக்கமாக நடந்தோம். ஆற்றின் முகத்துவாரத்தில்தான் துறைமுகம். கடலுக்குள் கல்லைக் கொட்டிக் கட்டிய அலைதடுப்புச் சுவர் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் தென்புறத்தில் பார்த்தால்... அப்பப்பா, எவ்வளவு மணல்! கால் புதையப் புதைய நடந்தேன். 1978 இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது!

தங்கை மகள் கரையில் கிடந்த ஒரு காய்ந்த தேங்காய் நெற்றை எடுத்து அலை நுனியில் போட்டாள். "பெரியப்பா, நீங்க எண்ணுங்க" என்றாள்.

ஆடி மாதக் காற்று தெற்கிலிருந்து வந்தது. அலையும் கரைக்கு நேராக வராமல் தென்கிழக்கிலிருந்து சாய்வாக ஏறியது. காயும் அதோடு சாய்வாக ஏறியது. ஆனால் தண்ணீர் திரும்பும்போது? சரிவில் நேரே கீழே இறங்கிவிடுகிறது. காயும் நேரே இறங்கியது. மறுபடி சாய்வாக ஏற்றம், நேராக இறக்கம். கோலத்தில் பல்லுப் பல்லாகக் கோடு இழுப்போமே, அதே மாதிரி. இருபது அலைக்குப் பிறகு பார்த்தால், போட்ட இடத்திலிருந்து பதினொரு தப்படி வடக்கே கிடந்தது காய்!

"தேங்காய்க்கு நடக்கிறதுதான் மணலுக்கும் நடக்குது" என்றாள் அவள். "பங்குனியிலிருந்து ஐப்பசி வரைக்கும் ஏறக்குறைய எட்டு மாசம் நம்ம கிழக்குக் கரையில மணல் வடக்கே நடக்கும். கார்த்திகையிலிருந்து மாசி வரைக்கும் வாடைக்காற்றில தெற்கே திரும்பும். வரவு செலவு பார்த்தா வடக்கே போறதுதான் அதிகம். வருஷத்துக்குப் பல லட்சம் கன மீட்டர்."

இவர் சும்மா இருப்பாரா? "பத்து விநாடிக்கு ஓர் அலை என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 8,640 அலை. லாரிக்குப் பத்துக் கன மீட்டர் என்றால் ஒவ்வொரு லட்சத்துக்கும் பத்தாயிரம் லாரி!" என்று அங்கேயே கணக்குப் போட்டுவிட்டார்.

அலைக்கு மூன்று வேலை, சகோதரிகளே. அரிப்பது ஒன்று, சுமப்பது ஒன்று, இறக்கி வைப்பது ஒன்று. பாறை இருக்கும் கரையில், விரிசலுக்குள் இருக்கும் காற்றை மோதி நெருக்கிப் பாறையைப் பிளக்கிறது. தான் கொண்டுவரும் மணலையும் கூழாங்கல்லையும் வைத்தே, நாம் பாத்திரத்தைச் சாம்பல் போட்டுத் தேய்ப்பது போலத் தேய்க்கிறது. மணல் கரையில் அந்தச் சிரமம்கூட இல்லை. அள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான். வேகம் இருக்கும் மட்டும் சுமக்கும். வேகம் குறைந்த இடத்தில், தண்ணீர்க் குடத்தை முதல் திண்ணையில் இறக்கும் பெண்ணைப் போல இறக்கி வைத்துவிடும்.

இறக்கி வைத்ததைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். அடையாற்றின் வாயைக் கோடையில் அடைத்துக் கொள்ளும் மணல் திட்டு அப்படி வந்ததுதான். ராக்கெட் விடுகிறார்களே ஸ்ரீஹரிகோட்டா, பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் அந்தத் தீவும் கடல் சேர்த்து வைத்த மணல்தான்.

புடைக்கவும் தெரியும் அலைக்கு. கரையில் சில இடத்தில் கறுப்பாகவும் செம்பழுப்பாகவும் கோடு கோடாக மணல் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். இல்மனைட், கார்னெட் போன்ற கனமான தாதுக்கள் அவை. முறத்தில் போட்டுப் புடைத்தால் உமி முன்னால் பறக்க, அரிசி பின்னால் தங்குமே? அதே போல் லேசான வெண்மணலை அலை வாரிக்கொண்டு போக, கனமானது அங்கேயே தங்கிவிடுகிறது.

சரி, இத்தனை மணல் கடலுக்கு ஏது? பெரும்பகுதி ஆறுகள் போடும் சீதனம்தான். மலையிலிருந்து உருட்டிக்கொண்டு வந்து கடலில் சேர்க்கின்றன. தென்பெண்ணையின் குறுக்கே 1958ல் சாத்தனூர் அணை வந்தது. விவசாயத்துக்குத் தண்ணீர் வேண்டுமே, அணையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அணை தண்ணீரோடு மணலையும் சேர்த்துத்தான் நிறுத்துகிறது. மிச்சத்தை ஆற்றிலிருந்து வீடு கட்ட லாரி லாரியாக அள்ளிவிட்டோம். பிறந்த வீட்டிலிருந்து வருவது நின்றுபோனால், கடற்கரை கையிருப்பைக் கரைத்துத்தானே சாப்பிட வேண்டும்?

அந்தக் கையிருப்பும் வடக்கே நடந்து போகும் வழியில்தான் இந்தச் சுவர் நிற்கிறது. 1986க்கும் 1989க்கும் இடையில் கட்டினார்கள். தெற்கிலிருந்து வந்த மணல் சுவரில் முட்டி நின்றுவிட்டது. சுவருக்கு வடக்கே அலை வழக்கம்போல் அள்ளிக்கொண்டு போனது. ஆனால் அள்ளிய இடத்தை நிரப்பப் பின்னால் மணல் வரவில்லை. இப்படி ஆகும் என்று தெரிந்தே, தேங்கும் மணலை எடுத்து வடக்கே விடும் ஏற்பாட்டையும் திட்டத்தில் சேர்த்திருந்தார்களாம். அது தொடர்ந்து நடக்கவில்லை. சில வருஷங்களில் நகரத்துக் கடற்கரை கரைந்து போய், சாலையைக் காப்பாற்றக் கல் கொட்ட வேண்டியதாயிற்று.

இது புதிதாக நடந்த விபத்தும் அல்ல. சென்னைக்கு ஏற்கனவே நடந்த கதைதான். அங்கே துறைமுகத்துக்கு 1875ல் வேல்ஸ் இளவரசர் அஸ்திவாரக் கல் நாட்டினார். 1881ல் புயல் வந்து பாதி வேலையை உடைத்தது. மறுபடியும் கட்டினார்கள். அதற்கு முன்னால் சென்னையில் கடல் நகரத்துக்கு வெகு அருகில் இருந்தது. சுவர் எழுந்த பிறகு தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து அகலமானதுதான், நாம் சுண்டல் வாங்கித் தின்னும் மெரீனா! 1880களில் கவர்னர் கிராண்ட் டஃப் அங்கே நடைபாதை போட்டு அந்தப் பெயரையும் வைத்தார். ஆனால் வடக்கே? ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் கடல் உள்ளே வந்தது. தெருத் தெருவாகக் குடும்பங்கள் வீட்டை இழந்தன. அங்கேயும் கல்தான் கொட்டினார்கள். இத்தனை வருஷம் மெரீனாவில் காற்று வாங்கியிருக்கிறேன். அந்த மணலுக்கு வடக்கே ஒருத்தி விலை கொடுத்திருப்பாள் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

"அப்போ காலையில பார்த்த அந்தப் பிறை மணல்?" என்று கேட்டேன்.

அது 2018-19ல் செய்த வேலையாம். சென்னையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தார், ஆப்பு வடிவத்தில் பெரிய எஃகு அமைப்பு ஒன்றைத் தண்ணீருக்கு அடியில் இறக்கியிருக்கிறார்கள். அலை கரைக்கு வரும் முன்னாலேயே அதில் இடறி வேகம் குறைகிறது. வேகம் குறைந்தால் மணலை இறக்கி வைக்கும் அல்லவா? துறைமுக வாயில் தூர் வாரிய மணலையும் அங்கே கொண்டுவந்து கொட்டினார்கள். கடலோடு மல்லுக்கு நிற்பதைவிட அதன் சுபாவத்தைத் தெரிந்து நடப்பது மேல் என்று எனக்குப் பட்டது. நாற்பது வருஷமாக இவரோடு நான் குடித்தனம் செய்வதும் அப்படித்தானே!

மத்தியானம் மனையைப் பார்க்கப் போனோம். ஊர்ப் பெயர் வேண்டாம். புதுச்சேரிக்கு வடக்கே, தமிழ்நாட்டு எல்லைக்குள் வரும் ஒரு மீனவர் குப்பம்.

மனை என்னவோ அழகுதான். தரகர் வரவேற்றார். "காத்தைப் பாருங்க சார், ஏசியே வேண்டாம்!" இவர் முகம் பூரித்துப் போயிற்று. நான் கரையைப் பார்த்தேன். மணல் சரிவாக இறங்காமல், அரிவாளால் வெட்டிய கேக்கைப் போல் செங்குத்தாக நின்றது. ஒரு தென்னை வேரெல்லாம் வெளியே தெரியக் கடல் பக்கம் சாய்ந்திருந்தது. பக்கத்து பங்களாக்காரர் தம் காம்பவுண்டு அளவுக்கு மட்டும் கல் கொட்டியிருந்தார். அப்புறம், கடலுக்குள்ளே, அலைகளுக்கு நடுவில் வட்டமாக ஏதோ நின்றது. அலை வரும்போது மறைந்தது, போனதும் தலைகாட்டியது.

"இன்னாம்மா அப்படிப் பாக்குற? அது எங்கூட்டுக் கேணி."

திரும்பினேன். எழுபது, எழுபத்தைந்து வயதிருக்கும் ஓர் அம்மாள். தார் ரோட்டு ஓரத்தில் சாக்கு விரித்துக் கருவாடு காய வைத்துக்கொண்டிருந்தார்.

"கேணியா அக்கா? கடலுக்குள்ளயா?"

"கேணி எங்க போச்சு, அது அங்கயேதான் கீது. கடலுதான் வந்துட்டுது. நான் கல்யாணம் கட்டி வந்தப்ப அது எங்க கொல்லை. அதுக்கு அந்தாண்ட ரெண்டு வரிசை வூடு. அதுக்கும் அந்தாண்ட போட்டு ஏத்துற மணலு. எங்க மாமியா அந்தக் கேணியிலதான் தண்ணி சேந்துவாங்க. சக்கரை மாதிரி இருக்கும். சுனாமி வந்தப்பகூட நின்னுச்சு. என் பேத்தி பொறந்த வருசம் அலை வந்து தொட்டுது. அது இப்ப ஒன்பதாவது படிக்குது."

கடலோரக் கிணற்றில் நல்ல தண்ணீரா என்று ஆச்சரியப்படாதீர்கள். மணல் மேடு மழைநீரைத் தன்னுள் பிடித்து வைத்து, உப்புத் தண்ணீரை அண்டவிடாமல் பார்த்துக்கொள்ளும். மணல் போனால் தண்ணீரும் உப்பாகிவிடும். குடிக்க இப்போது அந்த ஊர்ப் பெண்கள் தெருக்குழாயில் குடத்தோடு நிற்கிறார்கள். கரைவலை இழுக்க மணல் இல்லை. படகை ஏற்ற மணல் இல்லை. மகன்கள் படகை வேறு ஊரில் நிறுத்தியிருக்கிறார்கள். "மணல்ல காஞ்ச கருவாடு வேற, இது வேறம்மா. ரோட்டுக் கருவாடுன்னு வெலையக் கொறைக்கிறான். நாயி வேற பாத்துக்கணும்" என்றார் அந்த அம்மாள்.

இதற்குள் இவர் தப்படி போட ஆரம்பித்துவிட்டார். கிணற்றுக்கும் கரைக்கும் கண்ணளவில் முப்பத்தைந்து தப்படி. பதினான்கு வருஷம். வருஷத்துக்கு இரண்டரை. மனையிலிருந்து கரைக்கு நடந்து பார்த்தார். நாற்பது.

"பதினாறு வருஷம்" என்றார் என்னிடம், மெதுவாக. "எனக்கு எழுபத்து மூணு. பதினாறு வருஷம் எனக்குப் போதுமே."

எனக்கு நெஞ்சை அடைத்தது. நாற்பது வருஷ ஆசை அப்படிப் பேச வைத்தது. தங்கை மகள்தான் வாயைத் திறந்தாள்: "பெரியப்பா, கடல் தவணை முறையில எடுக்காது. பத்து வருஷம் சும்மா இருந்துட்டு, ஒரு புயல் ராத்திரியில மொத்தமா எடுத்துடும். அதோட, கரையிலிருந்து இத்தனை தூரத்துக்குள்ள கட்டக் கூடாதுன்னு 1991லேருந்தே கடற்கரை ஒழுங்குமுறை விதி இருக்கு."

"அதெல்லாம் பாத்துக்கலாம் சார்" என்றார் தரகர். "முன்னாடி நாலு லோடு கல் அடிச்சிட்டா பிரச்னையே இல்லை."

"அடி, அடி!" என்றார் கருவாட்டு அம்மாள். அதுவரைக்கும் இருந்த சிரிப்பு முகத்தில் இல்லை. "வாங்கறவங்க ஆளாளுக்கு அவங்க வூட்டு முன்னால கல்லு கொட்டிக்கிறாங்க. அங்க கொட்டினா அலை பக்கத்துல வந்து தோண்டுது. பங்களாவுக்குக் கல்லு, எங்களுக்குக் குழி. நீங்களும் கொட்டுவீங்க. அப்பால இந்த ரோடும் போவும். நான் எங்க காய வெக்கிறது?"

யாருக்கும் பதில் வரவில்லை. அந்த அம்மாள் சொன்னது பூகோளப் பாடமும்தான். ஓர் இடத்தில் கல் கொட்டினால், அங்கிருந்து அடுத்த ஊருக்குப் போக வேண்டிய மணல் நின்றுபோகிறது. பசி அடுத்த கரைக்கு நகர்கிறது. கல்லும் தூண்டில் வளைவும் இல்லாமல் பல குப்பங்கள் இன்றைக்கு நிற்க முடியாது, அது வாஸ்தவம். ஆனால் ஒரு கரைக்குப் போடும்போது அடுத்த கரையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். துறைமுகச் சுவரில் தேங்கும் மணலை வருஷா வருஷம் வடக்கே சேர்ப்பித்தால் பாதி வியாதி தீரும் என்கிறாள் தங்கை மகள். மணலுக்கு அது பாதி வழி வந்துவிட்ட பயணம். கையைப் பிடித்துத் தாண்டிவிட்டால் மீதியை அதுவே நடந்துவிடும்.

இவர் தரகரிடம் போய் ஏதோ சொல்லிவிட்டு வந்தார். பஸ்ஸில் திண்டிவனம் வரை பேசவில்லை. அப்புறம், "நான் என் பதினாறு வருஷத்தைத்தான் கணக்குப் பண்ணினேன். அந்த அம்மாவோட ரோட்டைக் கணக்கில சேர்க்கலை" என்றார். அவ்வளவுதான். மனைப் பேச்சு அதோடு முடிந்தது. ஈஸிசேர் எங்கள் வீட்டு மாடியில்தான் கிடக்கிறது. அங்கிருந்து கோட்டை தெரிகிறது, போதும்.

உங்களில் யாராவது கடலோரத்தில் மனை வாங்க நினைத்தால், பத்திரத்தோடு கரையையும் படித்துப் பாருங்கள். மணல் செங்குத்தாக வெட்டுப்பட்டிருக்கிறதா? தென்னை வேர் வெளியே தெரிகிறதா? தெற்கே துறைமுகச் சுவரோ கல் வளைவோ இருக்கிறதா? அடப்பங்கொடியும் ராவணன் மீசையும் படர்ந்திருக்கிறதா? மணலைப் பிடித்து வைக்கும் செடிகள் அவை. களை என்று பிடுங்கிவிடாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இருபது வருஷத்துக்கு முன் கடல் எங்கே இருந்தது என்று அந்த ஊர்ப் பெண்களைக் கேளுங்கள். தரகர் சொல்லாததை அவர்கள் சொல்லுவார்கள்.

கிளம்பும்போது அந்த அம்மாள் தங்கை மகளிடம், "நீ டீச்சராமே? அந்தக் கேணி வுழறதுக்குள்ள பசங்களைக் கூட்டியாந்து காட்டு" என்றார். கார்த்திகையில் முப்பது பெண்களை அழைத்துப் போனாளாம். மழைக் கடலில் கிணறு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றதாம். பெண்கள் ஆளுக்கொரு தேங்காய் நெற்றைப் போட்டுப் பார்த்தார்கள். இந்த முறை காய்கள் தெற்கே நடந்தன.